தூதுக் கடவுள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூதுக் கடவுள் என்று யாரைச் சொல்கிறோம்?

ஒரு தெய்வத்தின் சொல்லை இன்னொரு தெய்வத்திடமோ மனிதரிடமோ கொண்டுசேர்ப்பவர் என்பது பள்ளிப் புத்தகப் பதில். அது போதாது. கிரேக்கர்களின் தலைமைத் தெய்வம் ஜீயஸ் இடி முழக்கினால் பூமி முழுக்கக் கேட்கும். அவர் எதற்கு ஆள் அனுப்ப வேண்டும்? கதைகளை நெருங்கிப் பார்த்தால், இந்தத் தெய்வங்களின் உண்மையான வேலை எல்லை கடப்பது என்று தெரியும். மேலுலகம், பூமி, பாதாளம் என்ற மூன்றுக்கும் நடுவே பெரிய தெய்வங்கள்கூட நினைத்தபடி போய்வர முடியாத இடங்கள் இருக்கின்றன. அங்கே போகவும், முக்கியமாக அங்கிருந்து திரும்பவும் உரிமை பெற்றவரே தூதர்.

ஒரு சமூகத்தில் தகவல் எப்படிப் பயணம் செய்ததோ, அதே சாயலில்தான் அதன் தூதுக் கடவுளும் இருக்கிறார். அரண்மனை நிர்வாகம் வலுத்திருந்த மெசபடோமியாவில் அவர் அமைச்சர். வேள்வியை நடுவில் வைத்து வாழ்ந்த வேதகாலத்தில் அவர் நெருப்பு. சந்தையும் நாற்சந்தியும் முக்கியமான மேற்கு ஆப்பிரிக்க யோருபா நாட்டில் அவர் நாற்சந்தியில் நிற்கிறார். மேலிடத்துக்கு அறிக்கை எழுதியே பழகிய சீனாவில் அடுப்படியில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்.

நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தூதுக் கடவுள் யார்?

சுமேரியர்களின் நின்ஷுபுரைச் சொல்லலாம். இனான்னா என்ற பெருந்தெய்வத்தின் அமைச்சர் இவள். மெசபடோமியாவில் ஒவ்வொரு பெரிய தெய்வத்துக்கும் இப்படி ஓர் அமைச்சர் உண்டு: என்லிலுக்கு நுஸ்கு, என்கிக்கு இரண்டு முகம் கொண்ட இசிமுத், பாதாள அரசி எரெஷ்கிகலுக்கு நம்தார்.

சுமார் 4000 ஆண்டுகளுக்கு முந்தைய களிமண் பலகைகளில் இனான்னா பாதாளம் போன கதை இருக்கிறது. கிளம்பும் முன் அவள் நின்ஷுபுரிடம் துல்லியமாகக் கட்டளை இடுகிறாள்: நான் திரும்பாவிட்டால் ஒப்பாரி வை, மேளம் அடி, ஏழைபோல ஒற்றை ஆடை உடுத்து, முதலில் நிப்பூரில் என்லிலிடம் போ, அவர் கைவிட்டால் ஊர் என்ற பெயருள்ள நகரத்தில் நன்னாவிடம் போ, அவரும் கைவிட்டால் எரிதுவில் என்கியிடம் போ. மூன்று பகல் மூன்று இரவு கழிந்ததும் நின்ஷுபுர் கிளம்புகிறாள். முதல் இருவரும் "அவளே தேடிக்கொண்டது" என்று கைவிரிக்கிறார்கள். என்கி மட்டும் இரங்கி, தன் நகக்கண் அழுக்கிலிருந்து இரண்டு உயிர்களைச் செய்து பாதாளத்துக்கு அனுப்புகிறார், இனான்னா உயிர்பெறுகிறாள்.

ஆனால் பாதாளம் சும்மா விடாது. பதிலுக்கு ஓர் ஆள் வேண்டும். பின்னாலேயே வந்த பேய்கள் வாசலில் நிற்கும் நின்ஷுபுரைப் பிடிக்கப் பார்க்கின்றன. இனான்னா மறுத்துவிடுகிறாள்: இவள் என் உண்மைச் சொல்லைச் சுமப்பவள், இவளைத் தர மாட்டேன். பிறகு யாரைக் கொடுத்தாள் தெரியுமா? தான் செத்துக்கிடந்தபோது சிங்காசனத்தில் சொகுசாக உட்கார்ந்திருந்த தன் கணவன் துமுஸியை. தூதருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை வேறெந்தக் கதையிலும் நான் பார்த்ததில்லை.

எழுத்து இருந்த நாட்டில் தூதர் எதற்கு?

எழுத்தே தூதரால்தான் வந்தது என்பது சுமேரியர்களின் கதை. உருக் நகர மன்னன் என்மெர்கார், ஏழு மலைகளுக்கு அப்பால் இருக்கும் அரட்டா மன்னனுக்கு ஓயாமல் ஆள் அனுப்புகிறான். மிரட்டல், விடுகதை, பதில் மிரட்டல் என்று பேச்சு நீண்டுகொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் செய்தி அவ்வளவு நீளமாகிவிட, தூதனின் வாய் கனத்துப்போகிறது. திருப்பிச் சொல்ல வரவில்லை. மன்னன் ஒரு பிடி களிமண்ணை எடுத்துத் தட்டி, அதில் சொற்களைப் பதிக்கிறான். அரட்டா மன்னன் அந்தக் களிமண்ணை வெறித்துப் பார்த்துப் புருவம் சுருக்குகிறான்.

எழுத்து வந்த பிறகும் தூதர் போகவில்லை. பாபிலோனியக் கடிதங்கள் "இன்னாரிடம் சொல்: இன்னார் கூறுவது இது" என்றுதான் தொடங்கும். கடிதம் என்பது சொல்லப்போகும் ஆளின் கையில் இருக்கும் நினைவுக் குறிப்பு, அவ்வளவுதான்.

தூதர்கள் செய்தியை மாற்றாமல் சொல்வார்களா?

இரண்டு வகையும் உண்டு. பாபிலோனியப் படைப்புக் காவியத்தில் அன்ஷார் என்ற தெய்வம் தன் அமைச்சர் காக்காவை (நம் காகத்துக்கும் இவருக்கும் தொடர்பில்லை) மூதாதைத் தெய்வங்களிடம் அனுப்புகிறார். அன்ஷார் சொன்ன நீண்ட உரை முழுவதையும் காக்கா வரிக்கு வரி ஒப்பிக்கிறார். இன்று படிப்பவருக்குப் பொறுமை போய்விடும். அன்று அதுதான் தகுதிச் சான்றிதழ்.

கிரேக்கர்களின் ஐரிஸ் வேறு மாதிரி. இலியட் காவியத்தின் 15ஆம் காண்டத்தில், போர்க்களத்தை விட்டு விலகும்படி கடல் தெய்வம் பொசைடனுக்கு ஜீயஸ் ஆணை அனுப்புகிறார். ஐரிஸ் போய்ச் சொல்கிறாள். பொசைடனுக்குக் கோபம் தலைக்கேறுகிறது: நானும் அவனும் உடன்பிறந்தவர்கள், உலகத்தைச் சீட்டுப்போட்டுப் பங்கிட்டோம், அதிகாரத்தை அவன் பெற்ற பிள்ளைகளிடம் காட்டட்டும். இதை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னால் தெய்வங்களுக்குள் போர் வெடித்திருக்கும். ஐரிஸ் நகரவில்லை. "இந்தக் கடுமையான பதிலை இப்படியே கொண்டுபோகவா, அல்லது சற்றுத் தணிப்பீர்களா? மேலோர் மனம் வளையக்கூடியது" என்கிறாள். பொசைடன் இறங்கிவருகிறார். தக்கது அறிந்த தூதர் வாய்ப்பதும் நல்லதுதான் என்று சொல்லிவிட்டுக் கடலுக்குள் போகிறார். தன் சொல்லாக ஒன்றையும் செய்தியில் சேர்க்காமல், ஒரே கேள்வியால் ஐரிஸ் காரியத்தை முடித்துவிட்டாள்.

திருக்குறளின் 69ஆம் அதிகாரமான 'தூது'க்கு உரை எழுதிய பரிமேலழகர் இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே பிரித்துவிடுகிறார்: தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என்று தூதர் இருவகை, முன்னவன் அமைச்சனுக்கு ஒப்பானவன், பின்னவன் அவனைவிடக் கால்பங்கு குறைந்தவன். இந்தக் கணக்கில் ஐரிஸ் முதல் வகை. பதவியால் அமைச்சராகவே இருந்தும், அந்தக் காட்சியில் காக்கா இரண்டாம் வகை.

கிரேக்கர்களின் தூதர் ஹெர்மிஸ் என்றுதானே படித்தோம்? ஐரிஸ் எப்படி வந்தாள்?

இலியடில் ஜீயஸின் தூதுகளைப் பெரும்பாலும் சுமப்பவள் ஐரிஸ். ஹோமரின் மற்றொரு காவியமான ஒடிசியில் அவள் இல்லை; அந்த வேலை ஹெர்மிஸுடையது. ஐரிஸ் வானவில்லின் தெய்வம், விண்ணையும் மண்ணையும் இணைப்பவள். ஹெர்மிஸ் ஜீயஸுக்கும் மாயாவுக்கும் ஆர்கேடியாவின் கில்லினி மலைக் குகையில் பிறந்தவன்.

ஒடிசியில் அவனுக்கு ஓர் அருமையான காட்சி இருக்கிறது. காவிய நாயகன் ஒடிசியஸை விடுவிக்கும்படி, அவனைத் தடுத்து வைத்திருக்கும் தெய்வப்பெண் கலிப்ஸோவிடம் சொல்லத் தொலைதூரத் தீவுக்கு வருகிறான். வந்ததும் அலுத்துக்கொள்கிறான்: யார்தான் விரும்பி இவ்வளவு உப்புக் கடலைக் கடப்பார்கள், வழியில் பலியிட்டுப் படைக்க ஓர் ஊர்கூட இல்லை, ஜீயஸ் சொன்னதால் வந்தேன். அரசு வேலையாகப் பயணம் போனவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானதாக இருக்கும்.

ஹெர்மிஸ் திருடர்களின் கடவுளாமே? தூதருக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஹோமரின் பெயரால் வழங்கும் துதிப்பாடல் ஒன்று அவன் பிறந்த நாளைச் சொல்கிறது. விடியலில் பிறந்தான், நண்பகலில் குகை வாசலில் கண்ட ஆமையின் ஓட்டில் ஏழு நரம்பு கட்டி யாழ் வாசித்தான், மாலையில் அண்ணன் அப்போலோவின் மாடுகள் ஐம்பதைத் திருடினான். தடம் தெரியாமல் இருக்க மாடுகளைப் பின்னோக்கி நடத்தினான். தன் காலில் இலையும் குச்சியும் பின்னிய செருப்பைக் கட்டிக்கொண்டான். இரவில் சாவித் துவாரம் வழியாக மூடுபனிபோல வீட்டுக்குள் நுழைந்து தொட்டிலில் படுத்துக்கொண்டான். அப்போலோ வந்து கேட்டால், "நான் நேற்றுப் பிறந்தவன், மாடு என்றால் என்னவென்றே தெரியாது, காதால் கேட்டதுதான்" என்கிறான். ஜீயஸ் முன்னால் வழக்குப் போகிறது. அங்கேயும் முகம் மாறாமல் அதே பொய். ஜீயஸ் வாய்விட்டுச் சிரித்துவிடுகிறார்.

கடைசியில் யாழ் அப்போலோவுக்கு, கோல் ஹெர்மிஸுக்கு என்று சமரசம் ஆகிறது. திருட்டு, வணிகம், வழக்குப் பேச்சு, தூது எல்லாமே ஒரு வேலிக்கு அப்பால் இருப்பதை இப்பால் கொண்டுவரும் தொழில்கள்தாம். கிரேக்கர்கள் அவற்றை ஒரே ஆளிடம் கொடுத்ததில் வியப்பில்லை. வீட்டு வாசலிலும் தெருமுனையிலும் எல்லைக் கற்களாக நின்றவையும் ஹெர்மிஸின் தலை செதுக்கிய தூண்களே. கி.மு. 415இல், சிசிலிப் படையெடுப்புக்குக் கப்பல்கள் புறப்படவிருந்த நேரத்தில், ஏதென்ஸில் ஒரே இரவில் அந்தத் தூண்களின் முகங்கள் சிதைக்கப்பட்டன. நகரமே கலங்கியது. பழி பலர்மேல் விழுந்தது. தளபதி அல்சிபியாடிஸும் தப்பவில்லை.

வேதங்களில் தூதுக் கடவுள் உண்டா?

அக்னி. ரிக் வேதத்தின் முதல் மண்டலத்துப் 12ஆம் பாடல் "அக்னியைத் தூதனாகத் தேர்கிறோம்" என்றே தொடங்குகிறது. மனிதர் நெருப்பில் இட்டது புகையாக மேலே போகிறது. தேவர்கள் நெருப்பின் வழியே கீழே வந்து வேள்வியில் அமர்கிறார்கள். போக்குவரத்து இரண்டு பக்கமும்.

ஆனால் அக்னி ஒருமுறை வேலையை விட்டு ஓடிப்போனான் என்பது பலருக்குத் தெரியாது. பத்தாம் மண்டலத்தில் அது உரையாடலாகவே இருக்கிறது. தனக்கு முன் இந்தப் பணியில் இருந்த அண்ணன்மாரின் கதியை நினைத்து அஞ்சி, தண்ணீருக்குள் ஒளிந்துகொள்கிறான். தேவர்கள் தேடிக் கண்டுபிடித்துக் கெஞ்சுகிறார்கள். மூப்பில்லாத ஆயுள், வேள்வியில் தனிப் பங்கு என்று பேரம் முடிந்த பிறகே வெளியே வருகிறான்.

அதே மண்டலத்தின் 108ஆம் பாடலில் இந்திரனின் தூதாகப் போகிறாள் சரமை. அவள் ஒரு பெண் நாய் என்கிறது பிற்கால மரபு. பசுக்களை ஒளித்துவைத்திருக்கும் 'பணிகள்' என்ற பகைக் கூட்டத்தாரிடம், ரசை என்ற ஆற்றைக் கடந்து தனியே போய் நிற்கிறாள். அவர்கள் முதலில் மிரட்டுகிறார்கள், பிறகு ஆசை காட்டுகிறார்கள்: நீ எங்கள் தங்கையாக இரு, பசுக்களில் பங்கு தருகிறோம். அண்ணன் உறவும் எனக்குத் தெரியாது, தங்கை உறவும் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறாள் சரமை. நின்ஷுபுர், ஐரிஸ், சரமை என்று இந்தத் தொழிலில் பெண்கள் எத்தனை பேர் என்பதைப் பாருங்கள். இறக்கைச் செருப்புப் போட்ட இளைஞன் ஹெர்மிஸ் மட்டும் பிரபலமாகிவிட்டான்.

அனுமனும் கண்ணனும் தூதுக் கடவுள்களா?

தூது போன கடவுள்கள் என்று சொல்வது பொருத்தம். தூது அவர்களின் நிரந்தரப் பதவி அல்ல. ஒரு பெரிய நெருக்கடியில் ஏற்றுக்கொண்ட பணி. பாரதத்தில் கண்ணன் பாண்டவர்களுக்காக அத்தினாபுரம் போனதைக் காஞ்சிபுரத்துத் திருப்பாடகம் கோயில் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அங்கே பெருமாளின் பெயரே பாண்டவதூதர்.

சைவத்தில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்துகொண்டு திருவாரூர் திரும்ப, முதல் மனைவி பரவையார் கதவடைக்கிறார். சுந்தரர் சிவபெருமானையே தூது போகச் சொல்கிறார். பெருமான் நள்ளிரவில் அர்ச்சகர் உருவில் போய், காரியம் ஆகாமல் திரும்பி, மறுபடியும் போகிறார். பக்தன் கடவுளை வேலை வாங்கலாமா என்று கொதித்த ஏயர்கோன் கலிக்காமரின் கதையையும் பெரியபுராணமே சொல்கிறது. கடவுள் சூலை நோயைக் கொடுத்து, சுந்தரர் வந்தால்தான் தீரும் என்றபோது, அவர் கையால் குணமாவதைவிடச் சாவதே மேல் என்று கலிக்காமர் தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். பிறகுதான் இறையருளால் இருவரும் நண்பர்களானார்கள். மனிதரின் சொல்லைச் சுமந்துகொண்டு கடவுள் தெருவில் நடக்கும் இந்தக் கதைக்கு ஈடாகக் கிரேக்கத்தில் ஒன்றைக் காட்டுவது கடினம்.

தூதரைக் கொல்லக் கூடாது என்ற விதி எங்கிருந்து வந்தது?

ஒரே இடத்திலிருந்து வரவில்லை. தேவைப்பட்ட இடமெல்லாம் அது முளைத்திருக்கிறது. இலங்கையில் இராவணன் அனுமனைக் கொல்லச் சொன்னபோது வீடணன் குறுக்கிட்டது தெரிந்ததே. வால்மீகியின் வீடணன் மாற்றுத் தண்டனைகளையும் அடுக்குகிறான்: அங்கத்தைச் சிதைக்கலாம், சவுக்கால் அடிக்கலாம், மொட்டையடிக்கலாம், உயிரை மட்டும் எடுக்கக் கூடாது. வாலில் தீ வைத்தது அந்த இடைவெளியில்தான்.

கிரேக்கத்தில் நடந்ததை ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அடிபணிவதன் அடையாளமாக மண்ணும் நீரும் கேட்டுப் பாரசீக மன்னர் டேரியஸ் அனுப்பிய தூதர்களை ஏதென்ஸ் மக்கள் குழியில் தள்ளினார்கள். ஸ்பார்ட்டா மக்கள் கிணற்றில் தள்ளி, மண்ணையும் நீரையும் அங்கேயே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதன்பின் ஸ்பார்ட்டாவில் பலிச் சகுனங்கள் சரியாகவே வரவில்லை. பழங்காலத் தூதன் டால்திபியஸின் சினம் என்று பயந்து, இரண்டு பேர் தங்கள் உயிரைப் பரிகாரமாகக் கொடுக்கத் தாமே முன்வந்து பாரசீகம் போனார்கள். டேரியஸின் மகன் செர்க்சஸ் அவர்களைத் தொடவில்லை. உங்களைப் போல நானும் தூதரைக் கொன்று உங்கள் பாவத்தைக் கழிக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

தூதர்களே ஏன் இறந்தவர்களையும் அழைத்துப் போகிறார்கள்?

போனால் திரும்ப முடியாத எல்லையைக் கடந்து திரும்பத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. ஒடிசியின் கடைசிக் காண்டத்தில், கொல்லப்பட்டவர்களின் ஆவிகள் குகை வௌவால்கள்போலக் கீச்சிட்டுக்கொண்டு ஹெர்மிஸின் பின்னால் போகின்றன. இலியடின் கடைசிக் காண்டத்தில் அவன் உயிரோடு இருப்பவரை அழைத்துப் போகிறான். ஆனால் அந்தப் பயணமும் பாதாளப் பயணத்தின் சாயலில்தான் இருக்கிறது. மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு, டிராய் அரசரான கிழவர் பிரயம் இரவில் எதிரி முகாமுக்குப் போகிறார். ஹெர்மிஸ் ஓர் இளம் வீரனாக வந்து வழிகாட்டுகிறான். முதியவர் ஒரு கிண்ணத்தைப் பரிசாக நீட்ட, என் தலைவர் அகிலிஸுக்குத் தெரியாமல் வாங்க மாட்டேன் என்கிறான். திருடர்களின் கடவுள் லஞ்சம் மறுக்கும் இடம் இது.

வடஐரோப்பியக் கதையில் பால்டர் என்ற தெய்வம் இறந்ததும், அவனை மீட்டுவர ஹெர்மோட் என்ற தெய்வம் எட்டுக்கால் குதிரையில் ஒன்பது இரவுகள் இருளில் பயணம் செய்து மரண உலகம் போகிறான். அங்கே பாலத்தைக் காக்கும் பெண், நேற்று ஐந்து படை இறந்தவர்கள் போனபோது எழுந்த ஓசைக்குக் குறையாமல் உன் ஒருவன் காலடியில் பாலம் அதிர்கிறதே, உனக்கு இறந்தவரின் நிறமும் இல்லையே என்று கேட்கிறாள்.

செய்தி தவறாகவோ தாமதமாகவோ போனால்?

மரணமே அப்படித்தான் வந்தது என்கிறார்கள் தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்கள். மனிதர் சாக வேண்டாம் என்ற செய்தியோடு படைப்புக் கடவுள் உன்குலுன்குலு பச்சோந்தியை அனுப்பினார். அது வழியில் பழம் தின்று மெதுவாக நடந்தது. பிறகு மனிதர் சாக வேண்டும் என்ற செய்தியோடு பல்லியினத்து உயிர் ஒன்று அனுப்பப்பட்டது. அது ஓடி முதலில் சேர்ந்துவிட்டது. மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் வந்த பச்சோந்தியின் சொல் செல்லவில்லை.

குவாத்தமாலாவின் கிச்சே மாயா மக்களின் போபோல் வூ நூலில் இதற்கு நேர்மாறான ஒரு நகைச்சுவை இருக்கிறது. பாதாள உலகத்துக்கு வந்து பந்தாடும்படி கதை நாயகர்களான இரட்டையருக்கு அழைப்பு வருகிறது. பாட்டி அதை ஒரு பேனிடம் சொல்லி அனுப்புகிறாள். பேன் மெதுவாகப் போவதைப் பார்த்துத் தேரை அதை விழுங்குகிறது, தேரையைப் பாம்பு, பாம்பை வல்லூறு. வல்லூறு பந்தாட்டக் களத்துக்கு வந்து கத்த, இரட்டையர் ஊதுகுழலால் அதன் கண்ணில் அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு வைத்தியம் செய்த பிறகு வல்லூறு பாம்பைக் கக்குகிறது, பாம்பு தேரையை. தேரைக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்து பார்த்தால் பேன் பல்லில் சிக்கியிருக்கிறது. செய்தி சேர்ந்துவிட்டது, ஒரு சொல்லும் குறையாமல்.

எஷு சாத்தானா?

இல்லை. நைஜீரியாவிலும் பெனினிலும் வாழும் யோருபா மக்களின் தூதுத் தெய்வம் எஷு. 19ஆம் நூற்றாண்டில் விவிலியத்தை யோருபாவில் மொழிபெயர்த்தவர்கள் சாத்தானுக்கு அந்தப் பெயரை வைத்ததால் வந்த வினை இது. எந்தத் தெய்வத்துக்கான படையலும் எஷு கொண்டுபோனால்தான் சேரும். எனவே நாம் பிள்ளையாருக்கு முதல் தேங்காய் உடைப்பதுபோல அங்கே அவருக்கு முதல் பங்கு.

குறும்பு நிறைய உண்டு, மறுக்கவில்லை. அடுத்தடுத்த வயலில் உழும் இரண்டு நண்பர்களுக்கு நடுவே, ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையுமான தொப்பியோடு நடந்துபோவார். தொப்பியின் நிறம் பற்றி இருவரும் அடித்துக்கொள்வார்கள்.

மனிதரைப் பற்றி மேலே போய்ச் சொல்லும் தெய்வம் உண்டா?

சீனாவின் அடுப்படித் தெய்வம் சாவ் ஜுன். ஆண்டு முழுக்க அடுப்புக்கு மேலே படமாக இருந்து குடும்பத்தைக் கவனிக்கிறார். சந்திர ஆண்டின் 12ஆம் மாதம் 23 அல்லது 24ஆம் நாள் மேலே போய் விண்ணுலகை ஆளும் ஜேட் பேரரசரிடம் அறிக்கை தருகிறார். வீட்டார் அதற்கு முன் படத்தின் வாயில் தேனோ ஒட்டும் மிட்டாயோ தடவுவார்கள்: ஒன்று, இனிமையாகப் பேசுவார், இல்லையென்றால் வாய் ஒட்டிக்கொண்டு பேசவே மாட்டார். பிறகு படத்தை எரித்து வழியனுப்பி, புத்தாண்டுக்குப் புதுப் படம் ஒட்டுவார்கள்.

கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபின் தூதர்களும் இதே வரிசையா?

எல்லை கடந்து சொல் கொண்டுவரும் வேலை ஒன்றுதான், தகுதி வேறு. கபிரியேல் தூதரும் வானவர் ஜிப்ரீலும் ஓரிறைவனின் படைப்புகள், வழிபடப்படும் கடவுள்கள் அல்லர். அக்னிபோலப் பேரம் பேசுவதற்கும் ஹெர்மிஸ்போல அலுத்துக்கொள்வதற்கும் அங்கே இடமில்லை.

மெர்க்குரியும் நம் புதனும் ஒருவரா?

கிரகம் ஒன்று, கதை வேறு. புதன் சந்திரனுக்கும் தாரைக்கும் பிறந்தவன். தூது அவன் தொழில் அல்ல. ரோமானியர்களின் மெர்க்குரி ஹெர்மிஸோடு ஒன்றாக்கப்பட்டவர், ஆனால் முதலில் வணிகர்களின் தெய்வம். கி.மு. 495இல் அவெண்டைன் குன்றில் அவருக்குக் கோயில் எழுந்தது. மே 15 அன்று வியாபாரிகள் அவருடைய ஊற்று நீரைத் தலையிலும் சரக்கிலும் தெளித்துக்கொண்டு, செய்த பொய்ச் சத்தியங்களை மன்னிக்கும்படியும் இனிமேல் சொல்லப்போகும் பொய்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கும்படியும் வேண்டியதாகக் கவிஞர் ஓவிட் எழுதுகிறார்.

இரண்டு பாம்பு சுற்றிய சிறகுக் கோல் மருத்துவச் சின்னம்தானே?

அது ஹெர்மிஸின் கோல். தூதருக்கும் வணிகருக்கும் உரியது. மருத்துவத் தெய்வம் அஸ்க்ளீபியஸின் கோலில் ஒரே பாம்பு, சிறகு கிடையாது. 1902இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு இரட்டைப் பாம்புக் கோலை ஏற்றுக்கொண்ட பிறகு குழப்பம் பரவியது. உலக சுகாதார நிறுவனத்தின் கொடியில் இருப்பது ஒற்றைப் பாம்பு, அதுதான் சரியானது.